நீட் ஆப்ல லெவல், லீக், ஸ்ட்ரீக்னு காட்டுனா உஷாரா இருங்க

வீட்ல நீட்டுக்கு ரிப்பீட் பண்ற பசங்க இருக்கவங்க இதை கொஞ்சம் படிங்க, என் தம்பி விஷயம்தான். கேம் மாதிரி விளையாடிக்கிட்டே படிக்கலாம்னு விளம்பரம் பண்ற ஒரு ஆப் (பேர் போடல, கேஸ் கீஸ்னு யார் அலையுறது), ஒரு ரூவா ட்ரையல்னு சொன்னாங்க, அம்மா அக்கவுண்ட்ல யுபிஐ ஆட்டோபே (பணத்தை தானா எடுத்துக்க குடுக்குற அனுமதி) போட்டு சேந்துட்டான்.

ஆரம்பத்துல ரீல்ஸ் பாக்குறவன் கேள்வி போட்டுட்டு இருக்கானேன்னு அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், சில்வர், கோல்டு, டைமண்ட்னு லீக் லீக்கா ஏறிட்டே போனான். ஆனா அதுல அட்டெம்ப்ட் பண்ணாலே 5 பாயிண்ட், சரின்னா 10, தப்புக்கு ஒண்ணுமே குறையாது. நீட்ல சரின்னா 4, தப்புன்னா மைனஸ் 1, விட்டா பூஜ்யம். குருட்டாம்போக்குல அடிச்சாலும் நாலுல ஒண்ணு விழும்லனு கணக்கு சொல்லுவீங்க, சரிதான், ஆனா அரைகுறையா தெரிஞ்சவன் போய் விழுறதுக்குன்னே ஒரு ஆப்ஷன் வச்சிருப்பாங்க, எழுதுனவங்களுக்கு தெரியும்.

அதைவிட மோசம் என்னன்னா பயாலஜி ஒன் லைனருக்கும் 10 பாயிண்ட், மூணு நிமிஷம் மண்டைய உடைக்கிற பிசிக்ஸ் ரொட்டேஷன் கணக்குக்கும் அதே 10. ஆப்ல ரேங்க் வேணும்னா எவன் பிசிக்ஸ் பக்கம் போவான்? ஆனா நீட் பேப்பர்ல பிசிக்ஸ் மட்டும் 45 கேள்வி, 720ல 180 மார்க். இவன் போட்ட பயாலஜி கேள்வியே திரும்பத் திரும்ப வருது, அதுக்கும் பாயிண்ட். ராத்திரி 11.50க்கு ஸ்ட்ரீக் (ஒரு நாள் கூட விடாம போட்ட நாள் கணக்கு) போயிடும்னு எழுந்து அஞ்சு கேள்விய தட்டிட்டு படுப்பான். ஒரு நாள் விட்டா காப்பாத்த ஜெம் வேணும், ஜெம்முக்கு காசு!

டைமண்ட் லீக்ல இருக்கும்போதே பக்கத்து கோச்சிங் சென்டர்ல ஓஎம்ஆர் ஷீட்ல ஒரு மாக் டெஸ்ட் எழுத வச்சோம். ஒண்ணு கூட விடாம 180ம் ஷேட் பண்ணிருக்கான், அதுல 95 தப்பு. 85 சரிக்கு வந்த 340ல 95 போய் 245. ஆப்ல பாத்தா 'தயார்நிலை 92%'னு பச்சை கலர்ல மின்னுது.

கேன்சல் பண்ணலாம்னு போனா பட்டனையே காணோம், சாட்ல கேட்டா "உங்க லீக் பாயிண்ட் எல்லாம் அழிஞ்சிடும், பரவாயில்லையா"ன்னு திரும்பத் திரும்ப அதே கேள்வி. அதுக்குள்ள முழு வருஷத்துக்கு 4,999 எடுத்துட்டாங்க. எடுக்குறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி மெசேஜ் வரணும்னு ரிசர்வ் பேங்க் ரூல், வந்துதான் இருக்கு, அம்மா அதை விளம்பர மெசேஜ்னு நினைச்சு விட்டுட்டாங்க. கேன்சல் பண்ண விடாம இப்படி மாட்டி விடுறதை 2023ல வந்த டார்க் பேட்டர்ன் (ஆப், வெப்சைட்ல ஆளை ஏமாத்துற டிசைன்) விதிகள்லயே தப்புன்னு போட்டிருக்கு, சப்ஸ்கிரிப்ஷன் ட்ராப்னு பேரு. அதைச் சொல்லி நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணி கம்ப்ளெயின்ட் பதிஞ்சிருக்கோம், பணம் இன்னும் வரல.

கேம் மாதிரி இருக்குறதே தப்புன்னு நான் சொல்லல. காசு கட்டுறதுக்கு முன்னாடி வேணும்னே பத்து கேள்விக்கு தப்பா பதில் போட்டு பாருங்க, பாயிண்ட் ஏறுச்சுன்னா அந்த ஆப் வேண்டாம். மாக் டெஸ்ட்தான் வேணும்னா ஐஐடி கான்பூரோட சாத்தீ போர்ட்டல்ல ஃப்ரீயாவே இருக்கு. ஏற்கனவே ட்ரையல் போட்டவங்க ஆப்பை மட்டும் டெலீட் பண்ணிட்டு நிம்மதியா இருக்காதீங்க, ஆட்டோபே அப்படியே ஓடிட்டுதான் இருக்கும், பணம் கட்டுன யுபிஐ ஆப்புக்குள்ள போய் ஆட்டோபே லிஸ்ட்ல அதை கேன்சல் பண்ணுங்க.