வன்னிக் குளங்களை அளக்க: அரசுச் செய்மதியா, தனியார் செய்மதியா?

இரணைமடு போன்ற பெருங்குளத்தின் நீர்ப்பரப்பை அளக்க, ஐரோப்பாவின் அரசுச் செய்மதியான சென்டினல்-2 தாராளமாகப் போதும். படம் இலவசம், ஒரு புள்ளி தரையில் 10 மீற்றர் பக்கமுள்ள சதுரம். படத்தின் 3ஆம் ஒளிப்பட்டையிலிருந்து (பச்சை) 8ஆம் பட்டையை (அண்மை அகச்சிவப்பு) கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் நீர் பெரும்பாலும் நேர்ப்பெறுமானமாக வரும். தாமரை மூடிய இடம் தரையென்று காட்டும். கரைக்குப் போய்த்தான் சரிபார்க்க வேண்டும்.

தனியார் பிளானெட் நிறுவனத்தின் படத்தில் ஒரு புள்ளி சுமார் 3 மீற்றர், அனேகமாக நாளாந்தம் கிடைக்கும். ஒரு ஏக்கர்ச் சிறுகுளம் சென்டினலில் 40 புள்ளிதான், கரையோரப் புள்ளிகளில் நீரும் மண்ணும் கலந்திருக்கும். அங்கே தனியார் படமே திறம். ஆனால் காசு வேண்டும், கமக்காரர் அமைப்புகளோடு பகிர உரிமம் தடுக்கலாம்.

மாரி முகிலுக்கு இரண்டும் தோற்கும். காலபோகத்தில் முகிலை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 ராடார்தான் கைகொடுக்கும். காற்றில் நீர் அலையடித்தால் அதுவும் பிசகும். நீண்டகால ஒப்பீட்டுக்கோ, 1972இலிருந்து தொடரும் அமெரிக்க அரசின் லான்ட்சாட் செய்மதிப் பதிவுக்கு ஈடான தனியார் பதிவே இல்லை.