புதுப்பேட்டையில் கிடைத்த நாலு வீல்

சித்தப்பாவின் மாருதி ஆம்னி வேன் 2009 மாடல். பின் சீட்டை எடுத்துவிட்டு மடக்குக் கட்டில், சின்ன அடுப்பு, 40 லிட்டர் தண்ணீர் டேங்க், கூடுதல் பேட்டரி எல்லாம் வைத்து கேம்பராக மாற்றியிருக்கிறார். மாற்றத்தை ஆர்.சி.யிலும் ஏற்றிவிட்டார். ஜெர்மனியிலிருந்து மூன்று வார லீவில் நான் செங்கல்பட்டு வந்ததே அந்த வண்டியில் அவரோடும் சித்தியோடும் கொல்லிமலை போகத்தான். வந்த இரண்டாம் நாள், முன்பக்க இடது சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியது. டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. அலுமினியக் கலவையில் வார்த்த அலாய் வீலின் விளிம்பு நசுங்கி, உள்பக்கம் தலைமுடி போல ஒரு விரிசல் ஓடியிருந்தது.

ஊரில் முதலில் போன கடையில், "ஆர்கான் வெல்டிங் வெச்சுடலாம் மேடம், புதுசு மாதிரி ஆயிடும்" என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அலுமினியத்தில் வெல்டிங் வைத்தால் அந்தச் சூட்டில் சுற்றியுள்ள உலோகம் இளகி வலு குறைந்துபோகும். மலையில் இறங்கும்போது மூன்று பேர் உயிர் அந்த ஒட்டின் மேல் நிற்கும். அடுத்த கடையில் ஸ்விஃப்ட்டின் வீலைக் காட்டினார்கள். அதற்கும் நாலு ஓட்டைதான், ஆனால் எதிரெதிர் ஓட்டைகளின் மையத்துக்கு மையம் 100 மி.மீ. ஆம்னிக்கு 114.3, அதாவது நாலரை இன்ச். "ஓட்டையைக் கொஞ்சம் இழுத்துவிட்டா உக்காந்துடும்" என்றார் அந்தக் கடைக்காரர். எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. சித்தப்பா கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன்.

ஆம்னியின் உற்பத்தி 2019-லேயே நின்றுவிட்டது. 12 இன்ச் அலாய் வீல் புதிதாகக் கிடைப்பது அரிது. கார் சாமான் கடைகள் நிறைந்த சென்னை ஜி.பி. ரோட்டில் பார்த்த கடைகளில் 14, 15 இன்ச்தான் வரிசையாகத் தொங்கின. மிச்சம் இருந்தது, பழைய வண்டிகளைப் பிரித்து உதிரி பாகம் விற்கும் புதுப்பேட்டை.

போவதற்கு முந்தைய நாள் நாங்கள் செய்த ஒரு காரியத்தை, பழைய வேனுக்கு வீல் தேடும் எல்லாருமே செய்யலாம். டேங்கை நிரப்பி, சாமான் எல்லாம் ஏற்றி, மூவரும் உட்கார்ந்துகொண்டு எடை மேடைக்குப் போனோம். முழு வண்டியும் 1,180 கிலோ. அப்புறம் முன் சக்கரங்களை மேடையைத் தாண்டி இறக்கி, பின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தினோம். 640 கிலோ. அப்படியென்றால் பின் சக்கரம் ஒவ்வொன்றின் மேலும் 320. அந்தச் சீட்டை மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டேன். ஜெர்மனியில் கம்பெனி வீல் அல்லாத வேறு வீல் போட்டால் அதற்கான சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். வீலின் மேலேயே அனுமதி எண் அச்சாகியிருக்கும். அந்தப் பழக்கம்தான் என்னை எடை மேடைக்கு இழுத்துப் போனது.

உடைந்த வீலைச் சாக்கில் கட்டி மின்சார ரயிலில் எழும்பூரில் இறங்கி நடந்தோம். புதுப்பேட்டையில் மூன்றாவது கடையில் இருந்த பையனுக்கு முப்பது வயது இருக்கும். நாங்கள் பேச ஆரம்பிப்பதற்குள் வீலைக் கவிழ்த்துப் போட்டு டேப் வைத்து அளந்தான். "நாலரை இன்ச். ஆம்னியா அக்கா? கேம்பர்னா எவ்ளோ வெயிட் ஏத்துறீங்க?" அதுவரை போன எந்தக் கடையிலும் இந்தக் கேள்வி வரவில்லை. எடைச் சீட்டை நீட்டினேன்.

மாருதி 800-இன் அலாய் வீல் செட் ஒன்று மினுமினுவென்று மாட்டியிருந்தது. அதே 12 இன்ச், அதே ஓட்டை அளவு. சித்தப்பாவின் கண் அதிலேயே இருந்தது. அவன் அதை இறக்கவே இல்லை. "மாட்டலாம் ஐயா, மாட்டும். ஆனா அந்த காரே 650 கிலோ. உங்க லோடுக்கு நான் குடுக்க மாட்டேன்" என்றான். விற்றிருக்கலாம், நாங்களும் வாங்கியிருப்போம். அந்த ஒரு வார்த்தைக்காகவே அந்தக் கடையை நான் மறக்க மாட்டேன்.

உள்ளேயிருந்து அழுக்குப் படிந்த நாலு வீல் கொண்டுவந்தான். ஆம்னியிலிருந்து கழற்றியவை. பின்பக்கத் தூசியைத் துணியால் துடைத்ததும், ஒரு வீலுக்கு 410 கிலோ வரை என்ற எழுத்து தெரிந்தது. பிறகு ஒவ்வொன்றையும் ஒரு விரலில் தொங்கவிட்டு ஸ்பேனரால் தட்டினான். மூன்று வீல் மணி மாதிரி கணீரென்றது. நாலாவது 'டொக்' என்று செத்த சத்தம். அதை அவனே ஓரமாகப் போட்டுவிட்டு வேறு தேடி எடுத்தான். எங்கள் உடைந்த வீலையும் தட்டச் சொன்னேன். அதுவும் 'டொக்'தான்.

நாலுக்கும் சேர்த்து 7,200 ரூபாய். பேரம் பேசி வந்த விலை இது, ஆனால் ரொம்பப் பேசவில்லை. ஸ்டீல் டிஸ்க் போட்டால் இன்னும் மலிவு, பாரத்துக்கும் நன்றாகத் தாங்கும், என் ஓட்டு அதற்குத்தான். சித்தப்பாவுக்கு மனசு வரவில்லை, சரி என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் வீட்டு வாசலில் ஜாக்கி வைத்து மாட்டிப் பார்த்தோம். முன் சக்கரத்தைத் தாங்கும் ஸ்ட்ரட்டுக்கும் ரிம்முக்கும் நடுவில் ஒரு விரல் தாராளமாக நுழைந்தது. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பினோம், எங்கும் உரசவில்லை. நட்டில்தான் கவனம் வேண்டியிருந்தது. இந்த வீல்களின் நடுப்பகுதி பழைய வீலைவிடத் தடிமன். அதனால் பழைய நட்டு ஐந்தாறு சுற்றிலேயே நின்றுவிட்டது. நட்டு ஏறும் ஸ்டட் எவ்வளவு தடிமனோ அவ்வளவு நீளத்துக்காவது மரை பிடிக்க வேண்டும், அதாவது கையாலேயே பத்து சுற்று போக வேண்டும். கழுத்து நீண்ட நட்டு பதினாறு வாங்கினோம். ஸ்டெப்னி ஸ்டீல் என்பதால் பழைய நட்டில் நாலைத் துணியில் முடிந்து அதோடு கட்டிவைத்தேன். எங்கள் டயர்களை இந்த வீல்களுக்கு மாற்றி, பேலன்சிங்கும் அலைன்மெண்டும் பார்த்துக் கொடுத்த கடையில் காத்திருந்தது நாற்பது நிமிடம். பாரம் தாங்கும் எல்.டி. டயருக்கு எவ்வளவு காற்று என்று அங்கிருந்த பெரியவர் கதவில் ஒட்டியிருந்த அட்டவணையைப் படித்துவிட்டே அடித்தார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை கிளம்பினோம். திண்டிவனத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தி, நட்டின் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரென்ச்சை எடுத்து பதினாறு நட்டையும் மறுபடி பார்த்தேன். பின் வலதில் ஒன்று மட்டும் கால் திருப்பு உள்ளே போனது. சித்தி டீயை நீட்டினாள். கை கழுவிவிட்டு வாங்கிக்கொண்டேன்.