ரத்தம் நின்றுவிட்டால் சரியாகிவிட்டதா? தஞ்சாவூர்ப் பக்கம் அப்பாவோடு ஆஸ்பத்திரி அலைச்சல்

சிங்கப்பூரிலிருந்து இந்த முறை ஊருக்குப் போனதில் பாதி விடுப்பு ஆஸ்பத்திரியிலேயே போனது. பட்டுக்கோட்டைப் பக்கம் கிராமத்தில் இருக்கும் அப்பாவுக்கு மலத்தோடு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. வயதான பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் கவனித்தவர், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை கொண்டுவந்து தரும் அக்கா. பிரஷர் பார்த்தவர் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஐயா ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்காங்க? ரத்தம் கித்தம் போகுதாம்மா?" என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். அம்மா அடுப்படியில் வைத்து என்னிடம் சொன்னார். மகளிடம் அப்பா இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். நானே கேட்டதற்கு, "மூலம்தாம்மா, உடம்புச் சூடு. ரெண்டு நாள் வரும், அப்புறம் நின்னுடும்" என்றார். துருவிக் கேட்டதில், பொங்கலுக்கு முன்பிருந்தே வருவதும் நிற்பதுமாக இருந்திருக்கிறது.

அதுவரை வைத்தியம் பார்த்தது கடைத்தெரு மருந்துக்கடை. அப்பாவுக்கு வயது 68, இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர். இதில் எதையும் கேட்காமல் மாத்திரையும் தடவ ஒரு ஆயின்ட்மென்டும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். 'மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்' என்று சுவரெல்லாம் ஒட்டியிருக்கும் போஸ்டர்களைப் பார்த்தாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே எதைக் குணப்படுத்துவது?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த இளம் டாக்டரை நான் மறக்கவே மாட்டேன். கூட்டம் நெருக்கியடித்த நேரத்திலும் என்னைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அப்பாவிடம் நிதானமாகப் பேசினார். எத்தனை நாளாக, சிவப்பா கறுப்பா, சொட்டுகிறதா மலத்தோடு கலந்து வருகிறதா, வலி உண்டா, எடை குறைந்ததா, என்னென்ன மாத்திரை? பிறகு கையுறை போட்டு விரலால் ஆசனவாயைப் பரிசோதித்தார். இரண்டு நிமிட வேலை. அதுவரை யாரும் செய்யாத வேலை. ஹீமோகுளோபின் 9-க்கும் கீழே இருந்தது, அதாவது ரத்தசோகை. தஞ்சாவூருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

"தானா நின்னுடும்னுதான் எல்லாரும் இருக்காங்க" என்று சொல்லி, எது எத்தனை நாள் இருக்கும் என்று எங்களுக்குப் புரியும்படி விளக்கினார். மலச்சிக்கலில் முக்கிப் போவதால் ஆசனவாயில் வரும் வெடிப்பு என்றால், போகும்போது கீறுவது போல வலிக்கும். ரத்தம் கொஞ்சமாக வரும். தண்ணீர், கீரை, பழம், வெந்நீர்த் தொட்டியில் உட்காருவது என்று பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் சில வாரத்தில் ஆறும். 6, 8 வாரத்தைத் தாண்டினால் வேறு சிகிச்சை வேண்டும். மூலத்தில் பெரும்பாலும் வலியில்லாமல் சொட்டும். மலம் இளகிப் போகத் தொடங்கினால் சில நாளில் அடங்கும். காய்ச்சல், வயிற்றுப் பிடிப்பு, சளியோடு போகும் சீதபேதி பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தீரும். ஆனால் வயிற்றுப்போக்கில் ரத்தம் கண்டால் அந்த ஒரு வாரத்தை எண்ணிக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது, குழந்தைகள் என்றால் அன்றைக்கே காட்ட வேண்டும். பெருங்குடலின் உட்சுவரில் வளரும் பாலிப் என்கிற சதை வளர்ச்சியும் புற்றுநோயும் விட்டுவிட்டுத்தான் கசியும். வாரக்கணக்கில் ஒன்றுமே தெரியாது. அப்பாவை ஏமாற்றியது அந்த இடைவெளிதான்.

ஆகவே 45 வயதைத் தாண்டியவருக்கு முதல் தடவை ரத்தம் வந்தாலே டாக்டரிடம் காட்ட வேண்டும். இளைஞர் என்றாலும் ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது திரும்பத் திரும்ப வந்தால் காட்டியே ஆக வேண்டும். எடை குறைவது, சோகை, மலம் கழிக்கும் வழக்கம் மாறுவது, குடும்பத்தில் குடல் புற்றுநோய் இருப்பது, இவற்றில் ஒன்று கூட இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. ரத்தம் நிறையக் கொட்டினாலோ, கட்டிகட்டியாக வந்தாலோ, தலைசுற்றி மயக்கம் வந்தாலோ, தார் போலக் கறுத்து, பிசுபிசுத்து, நாற்றமடித்துப் போனாலோ 108 ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், பீட்ரூட் சாப்பிட்டாலும் சிவக்கும் என்பதையும் சொன்னார். ஆஸ்பிரினை நாமாக நிறுத்தக் கூடாது என்று அழுத்திச் சொன்னார்.

ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபி அரசு மருத்துவமனையில் இலவசம். ஆனால் கிடைத்த தேதி நான் திரும்பும் நாளுக்குப் பிறகு. அதனால் தனியார் சென்டருக்குப் போனோம். பரிசோதனையைவிட முந்தைய நாள்தான் பாடு. காலையிலிருந்து இளநீரும் வடிகட்டிய ரசமும் மட்டும். சாயந்தரம் பேதிப் பவுடரை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, கால் மணிக்கு ஒரு டம்ளர். எங்கள் வீட்டுக் கக்கூஸ் கொல்லைக் கோடியில் இருக்கிறது. அது குத்தவைக்கும் கக்கூஸ். அப்பாவுக்கோ முட்டி வலி. அம்மா வழி நெடுக லைட்டைப் போட்டுவைத்து, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார். சென்டரில் தந்த தாளில் இதைப் பற்றியெல்லாம் ஒரு வரி இல்லை. வயதானவரை இதற்கு அழைத்துப் போகிறவர்கள், முடிந்தால் பக்கத்தில் வெஸ்டர்ன் டாய்லெட் உள்ள உறவுக்காரர் வீட்டில் அந்த ராத்திரியைத் தங்குங்கள்.

உள்ளே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஒரு பாலிப் இருந்தது. அங்கேயே கம்பிச் சுருக்குப் போட்டு எடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட்டை உறையில் போட்டு நீட்டினார்களே தவிர யாரும் விளக்கவில்லை. நான் நின்று கேட்ட பிறகுதான் டாக்டர் படத்தைக் காட்டிப் பேசினார். எடுத்த சதையை லேபில் பார்த்த பயாப்சியில் புற்றுநோய் இல்லை. விட்டிருந்தால் சில வருடங்களில் அப்படி மாறியிருக்கக்கூடிய வகை.

சிங்கப்பூரில் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கே 50 வயதிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை, கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் கண்டுபிடிக்கும் மலப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் புற்றுநோய்ச் சங்கம் அதற்கான கிட்டை இலவசமாகத் தருகிறது. கண்ணுக்கு ரத்தம் தெரிகிறவர்களுக்கு அது போதாது, அவர்கள் நேராக டாக்டரிடம் போக வேண்டும். இந்தியாவில் அரசு வழிப் புற்றுநோய்ப் பரிசோதனை வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றோடு நிற்கிறது. வீட்டுப்படி ஏறி மாத்திரை தரும் அந்த அக்காவின் பையில் மலப் பரிசோதனைக் கிட்டும் இருந்தால் எத்தனை பேர் தப்பிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

அப்பாவுக்கு மூன்று வருடம் கழித்து மறுபடி ஸ்கோப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் 40 வயதிலேயே பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். எனக்கு இங்கே தேதி வாங்கிவிட்டேன். துபாயில் இருக்கும் தம்பி பிடிகொடுக்காமல் பேசுகிறான். அவனிடம் அப்பாவையே பேசச் சொல்லியிருக்கிறேன்.