மாயாப்பூர் நீலக் குவிமாடக் கோயில்: இப்போதே போகலாமா?

மேற்கு வங்க மாயாப்பூரில் இஸ்கான் (ஹரே கிருஷ்ணா இயக்கம்) கட்டிவரும் பெருங்கோயிலுக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: சுவாமி இன்னும் புதுக்கோயிலுக்குக் குடிபோகவில்லை. ராதா மாதவர், பஞ்ச தத்துவம் (சைதன்யரும் நான்கு துணைவர்களும்), நரசிம்மர் எல்லாருக்கும் பூஜை வளாகத்துப் பழைய கோயிலில்தான். நரசிம்மர் பகுதிக்கு 2024-ல் திறப்பு விழா நடந்தும் மூர்த்தி இடம் மாறவில்லை. இது தெரியாமல் குவிமாடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே சுற்றினால், மதியம் ஒரு மணிவாக்கில் பழைய கோயிலில் நடை சாத்திவிடுவார்கள். பிறகு நாலு மணிவரை வெயிலில் காத்திருக்க வேண்டியதுதான்.

கட்டடத்தில் ராஜகோபுரமோ கருங்கல் விமானமோ தேடாதீர்கள். வெளித்தோற்றம் வாஷிங்டன் கேப்பிடல் கட்டடத்தின் சாயலில் இருக்கட்டும் என்று 1976-ல் இஸ்கான் நிறுவனர் பிரபுபாதர் விரும்பினார்; அதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். கான்கிரீட் உடல், மேலே பளிங்கு, உயரம் சுமார் 113 மீட்டர். பணத்தில் பெரிய பங்கு ஹென்றி ஃபோர்டின் கொள்ளுப்பேரன் ஆல்ஃபிரட் ஃபோர்டுடையது. பாகவதம் ஐந்தாம் ஸ்கந்தம் சொல்லும் அண்ட அமைப்பின் மாதிரியை நடுக் குவிமாடத்துக்குள் தொங்கவிடுவது திட்டம். உள்ளே எதுவரை விடுவார்கள் என்பது அன்றைய வேலையைப் பொறுத்தது. வெளியே நின்று பார்க்கவே மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்காக மட்டும் இவ்வளவு தூரம் வர வேண்டாம்.

வர வேண்டியது நரசிம்மருக்காக. 1984-ல் கொள்ளைக் கும்பல் கோயிலைத் தாக்கிய பிறகு, காவலுக்கென்று தென்னிந்தியச் சிற்பியிடம் செய்வித்து 1986 ஜூலையில் பிரதிஷ்டை செய்த உக்கிர மூர்த்தி. தூணிலிருந்து வெளிப்படும் கோலம், எதிரே பிரகலாதன். அதிகாலை நாலரை மணி மங்கள ஆரத்திக்கு வந்தால் கூட்டத்தில் நசுங்காமல் பார்க்கலாம். அதற்கு முந்தின இரவே வளாகத்தில் தங்க வேண்டும். அந்த நேரத்துக்குப் படகை நம்பி வர முடியாது. மார்ச் வாக்கில் வரும் பால்குனப் பௌர்ணமியை ஒட்டிய கௌர பூர்ணிமா (சைதன்யர் பிறந்தநாள்) சமயத்தில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு.

ஹவுராவிலிருந்து கட்வா லோக்கல் ரயிலில் நவத்வீப் தாம் இறங்கி, டோட்டோவில் (பேட்டரி ஆட்டோ) படித்துறைக்குப் போய், படகில் கங்கையைக் கடந்தால் மாயாப்பூரின் படகுத்துறையான ஹூலர் காட். சியால்டாவிலிருந்து என்றால் கிருஷ்ணநகர், அங்கிருந்து ஆட்டோவில் ஸ்வரூப்கஞ்ச், ஜலங்கியைக் கடந்தால் அதே துறை. பெட்டி படுக்கையோடு வயதானவர்களைக் கூட்டிவந்தால் இரண்டுமே சிரமம். கிருஷ்ணநகரிலேயே கார் பிடித்து வந்துவிடலாம்.

சன்னதிக்குள் செல்போன் கூடாது. பையையும் போனையும் ஒப்படைக்கும் கவுண்டரில் வரிசை நீளும், அறையிலேயே வைத்துவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக் கூப்பனைக் காலையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். வெங்காயம், பூண்டு கிடையாது.