‘வானவில் நிறம்’ என்று விற்கப்பட்ட பழங்காசுத் தொகுப்பு: ஒரு மதிப்புரை

புழக்கத்தில் தேய்ந்து, இயற்கையாக நிறமேறிய வெள்ளிக் காசுகள் என்ற விளம்பரத்தைப் பார்த்து இணையத்தில் ஒரு தொகுப்பை வாங்கினேன். படத்தில் கண்ணைப் பறித்த காசுகள் ஏமாற்றிவிட்டன. ஓரமாக மங்கிக் கிடந்தவையே கொடுத்த விலைக்கு ஈடுகட்டின.

காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு வினைபுரிந்து உண்டாக்கும் சல்பைடு படலம் தடிக்கத் தடிக்க, அதன் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் பட்டுத் திரும்பும் ஒளிக்கதிர்கள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு, முதலில் வெளிர்மஞ்சளையும், பின்னர் செம்பழுப்பையும் ஊதாவையும், அதற்கடுத்து நீலத்தையும் காட்டும். இந்த வரிசையை வைத்துத்தான் நிறத்தை எடைபோட வேண்டும். தொகுப்பிலிருந்த பிரிட்டிஷ் அரை கிரவுன் ஒன்றில் அடர்நீலம், இடைநிறம் எதுவுமின்றி வெறும் வெள்ளியை ஒட்டி நின்றது. தேய்ந்து வழவழத்த மன்னரின் கன்னத்திலும் எழுத்துகளின் இடுக்கிலும் அந்த நீலம் ஒரே அடர்த்தியில் படிந்திருந்தது. கைமாறிப் புழங்கிய காசிலோ மேடுகள் உரசி வெளுத்திருக்க, பள்ளங்களில்தான் கருமை தங்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் கீறல்களுக்குள்ளும் அதே நீலம். பழைய கீறலிலும் நாளடைவில் நிறமேறும் என்பதால் இதை மட்டும் வைத்துக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மூன்றும் சேர்ந்து வரும்போது, யாரோ மருந்திட்டு ஏற்றிய நிறம் என்றே எனக்குப் படுகிறது.

மங்கலானவற்றில் 1920-இன் ஷில்லிங் ஒன்று என்னை வெகுநேரம் பிடித்து வைத்தது. அவ்வாண்டில்தான் பிரிட்டிஷ் காசுகளின் வெள்ளி 92.5 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வெள்ளி மிகுந்த மேற்தோல் தேய்ந்த இடங்களில் உள்ளிருக்கும் கலப்புலோகம் மஞ்சள் கலந்த பழுப்பாக எட்டிப் பார்க்கிறது. அது படலத்தால் வந்த நிறமே அன்று. செம்பு 56, வெள்ளி 35, மாங்கனீசு 9 சதவீதம் கலந்து 1942 முதல் 1945 வரை அமெரிக்கா வெளியிட்ட போர்க்கால ஐந்து சென்ட் காசும் தொகுப்பில் இருந்தது. அதன் அழுக்குச் சாம்பல் நிறத்தில் எந்த ஒப்பனையும் இல்லை.

உறைகள் மோசம். மென்பிளாஸ்டிக்கிலிருந்து கசிந்த பச்சைப் பிசுக்கைத் தூய அசிட்டோனில் அலசி நீக்க வேண்டியதாயிற்று. நல்லவேளையாக, அசிட்டோன் சல்பைடு படலத்தைத் தொடாது.

இதே விற்பனையாளரிடம் நிறமற்ற தொகுப்புகளைத் தயங்காமல் வாங்குவேன், ‘வானவில்’ என்று பெயரிட்டவற்றை வாங்கமாட்டேன். அரை கிரவுனை அவர் மறுபேச்சின்றித் திரும்பப் பெற்றுக்கொண்டார். விளம்பர வாசகத்தை மட்டும் இன்னும் மாற்றவில்லை.