முழு டிரம் செட்டா, ஒற்றை ஸ்நேரா?

முன்திட்டம் எதுவும் இல்லாமல் மேடையிலேயே உருவாக்கும் இசைக்கு எதை எடுத்துப் போவது என்று தாளக் கலைஞர்கள் பலர் குழம்புகிறார்கள்.

சுமை: முழு செட்டுக்கு வண்டி வேண்டும், பொருத்தவும் நேரம் பிடிக்கும். ஸ்நேர், அதாவது அடித்தோலில் கம்பிகள் கட்டிய ஒற்றை டிரம், ஒரு தோள்பையில் அடங்கும்.

செலவு: செட்டில் சிம்பல்கள் எனும் உலோகத் தட்டுகள்தான் பணத்தை விழுங்கும். ஸ்நேருக்கு அவ்வப்போது தோல் மாற்றினால் சரி.

ஒலி: விஷயமே இங்கேதான் இருக்கிறது. செட்டில் இரு கைகளும் இரு கால்களும் தனித்தனி அடுக்குகளாக ஓடலாம். சாக்ஸபோன் உச்சத்தில் அலறும்போது ஈடுகொடுக்க அது வேண்டும். ஆனால் பழகிய தாளக்கட்டுக்குள் கை தானாக விழுந்துவிடும் ஆபத்தும் அதில் அதிகம். ஸ்நேரில் ஒளிய இடமில்லை. ஈர விரலால் தோலைத் தேய்க்கலாம். மேலே சிறு சிம்பலை வைத்து வயலின் வில்லால் இழுத்தால் டிரம்மின் உடலே அதிர்ந்து நீளமாகப் பாடும். அடிக்கம்பிகளைத் தளர்த்தினால் குரலே வேறு. டச்சுக் கலைஞர் ஹான் பெனிங்க் ஒரே ஸ்நேரோடு மேடையேறி அசத்துபவர்.

சத்தமான குழுவோடு வாசிப்பவர்கள் செட்டை எடுங்கள். சின்ன அறையில் இருவர் மூவராக மெல்லிய ஒலிகளைத் தேடுவதென்றால் ஸ்நேர்தான். இன்னும் தயக்கமா? ஒரு மாதம் ஸ்நேர் மட்டும் வாசியுங்கள், அப்புறம் செட்டுக்குப் போகலாம்.