கோவை வீட்டில் ஒழுகிய ஃபிளஷ் டேங்க்கும் இரண்டு பிளம்பர்களும்

கோயம்புத்தூரில் மோட்டார் ரிப்பேருக்கு ஆள் தேட வேண்டியதே இல்லை. பம்ப் தயாரிக்கிற ஊர், காயில் கட்டுகிறவர் பக்கத்துத் தெருவிலேயே இருப்பார். கக்கூஸ் டேங்க் ஒழுகினால்தான் கஷ்டம். மெல்பர்னிலிருந்து இந்த முறை வடவள்ளி வீட்டுக்குப் போனபோது அதைத்தான் பார்த்தேன்.

மொட்டைமாடியில் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ். ராத்திரி நிரப்பிவிட்டுப் படுத்தால் காலையில் கால்வாசி இறங்கியிருக்கிறது என்று அம்மா போனிலேயே புலம்பிக்கொண்டிருந்தார். மோட்டார் வால்வைப் பார்த்தாயிற்று, சமையலறைக் குழாயை மாற்றியாயிற்று. தரையில் எங்கும் ஈரமில்லை என்பதால் கக்கூஸ் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் ஃபிளஷ் டேங்க்கின் உள்ளே கசிகிற தண்ணீர் வெளியே சொட்டாது, சத்தமில்லாமல் கோப்பைக்குள் இறங்கிப் போய்விடும். நிமிடத்துக்கு அரை லிட்டர் போனாலே ஒரு நாளைக்கு 720 லிட்டர்.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தை டேங்க்கில் கொஞ்சம் விட்டுக் கலக்கிவிட்டு, அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் பண்ண வேண்டாம் என்று சொல்லிவைத்தேன். திரும்பிப் போய்ப் பார்த்தால், வெள்ளைக் கோப்பையின் பின்சுவரில் நூல் மாதிரி ஒரு நீலக் கோடு. சரி, ஒழுகுவது உறுதி. ஆனால் எங்கிருந்து? மிதவை சரியாக மூடாமல் தண்ணீர் ஏறி, நடுவிலுள்ள ஓவர்ஃபுளோ குழாய் வழியாக வழியலாம். இல்லையென்றால் அடியிலுள்ள வாஷர் போயிருக்கலாம். டேங்க்குக்கு வரும் தண்ணீரை அடைக்கிற குழாய்த் திருகை, அதாவது ‘ஆங்கிள் காக்’கை, மூடிவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்; அப்போதும் மட்டம் இறங்கினால் வாஷர். அதுவோ உப்புப் பிடித்து அசையவே மறுத்தது. அதனால் டேங்க் மேல் ஒரு குச்சியைக் குறுக்கே வைத்து, மிதவையைச் சணல் கயிற்றால் தூக்கிக் கட்டி, தண்ணீர் மட்டத்தில் பென்சில் கோடு போட்டேன். மட்டம் விறுவிறுவென்று கோட்டுக்குக் கீழே இறங்கியது. வாஷர்தான்.

ஆள் கூப்பிடும் முன்னால் இதைச் செய்துவிடுவது நல்லது. ‘டாய்லெட்ல லீக்’ என்று மொட்டையாகச் சொன்னால், வருகிறவர் முதலில் பழையதைக் கழற்றி எறியத்தான் பார்ப்பார்.

முதலில் வந்தவர் ஆப் மூலம். சொன்ன நேரத்துக்கு டாண் என்று வந்தார், காலுக்கு உறை போட்டுக்கொண்டார், பேச்சும் மரியாதை. மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, “இந்த மாடல் செட் இப்ப வர்றதில்லைங்க சார், டேங்க்கையே மாத்திடலாம்” என்றார். நீலம், பென்சில் கோடு எதையும் கேட்கிற பொறுமை இல்லை. பார்வைக் கட்டணத்தை மட்டும் கொடுத்து அனுப்பினேன். அவரைக் குறை சொல்லவும் மனமில்லை. அடுத்த வீட்டுக்கு அலாரம் அடித்துக்கொண்டிருந்தால் வாஷர் தேடி யார் கடைகடையாக அலைவார்கள்?

இரண்டாவது ஆளைத் தெருமுனை ஹார்டுவேர் கடைக்காரர் சொன்னார். அம்மாவையே பேசச் சொன்னேன். வெளிநாட்டுக் குரல் கேட்டால் ரேட் ஏறும் என்பது ஊரறிந்த கதை. “பத்து மணிக்கு வந்தர்றனுங்க அம்மா” என்றவர் வந்தது சாயங்காலம் நாலரைக்கு. ஆனால் வந்ததும் வால்வை முழுசாகக் கழற்றி வெளியே எடுத்தார். கறுப்பாக இருக்க வேண்டிய ரப்பரில் வெள்ளையாக உப்பு, விரலால் தொட்டால் தோசைக்கல் ஓரம் மாதிரி சொரசொரப்பு. எங்கள் வீட்டில் குடிக்கச் சிறுவாணி, மற்றதற்கெல்லாம் போர் தண்ணீர். அந்த உப்புத் தண்ணீர் ரப்பரில் படியப் படிய, வாஷர் ஒட்டி உட்காராமல் இடுக்கு விழுந்துவிடுகிறது.

பழைய வாஷரைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், அளவு பார்த்துப் புதுசு வாங்கி வந்தார். உடனே மாட்டிவிடுவார் என்று நினைத்தால், அது உட்காருகிற விளிம்பை உப்புத்தாளால் வெகுநேரம் தேய்த்தார். “இதத் தேய்க்காம புதுசப் போட்டா அடுத்த மாசமே கூப்பிடுவீங்கண்ணா.” ஆங்கிள் காக்கையும் மாற்றி, டெஃப்லான் டேப் சுற்றி இறுக்கினார். வாஷர் 40 ரூபாய், ஆங்கிள் காக் 280, கூலி 500. பேரம் பேசவில்லை. மெல்பர்னில் பிளம்பர் வாசலுக்கு வருகிற காசே இதைப்போலப் பல மடங்கு.

பணம் கொடுப்பதில்தான் கொஞ்சம் தடுமாற்றம். சில்லறை இல்லை, அவருக்கும் ஜிபேதான் வசதி. ஆஸ்திரேலியா உட்பட சில நாடுகளின் போன் எண்ணிலேயே, வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்குகளுக்கு யூபிஐ வைத்துக்கொள்ள 2023-இல் வழி திறந்துவிட்டார்கள். வங்கி ஒத்துழைக்க வேண்டும், அதனால் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். நான் கேட்டு வைத்திருந்ததால் ஸ்கேன் பண்ணியே கொடுத்தேன்.

மறுநாள் காலை சின்டெக்ஸ் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அம்மா மோட்டார் போடாமலே கீழே இறங்கி வந்தார். மாடிக் கக்கூஸிலும் அதே நீலக் கோடு தெரிகிறது. “பொங்கல் முடிஞ்சு வர்றனுங்க” என்று அந்த இரண்டாவது பிளம்பர் சொல்லியிருக்கிறார். எந்தப் பொங்கல் என்று அம்மா போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.